கடக்வாஸ்லாவும் சோடாபுட்டி சரித்திரமும்

புனேவுக்குப் பிழைக்க வந்த நம்மாட்களில் பலருக்குக் கடக்வாஸ்லா என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அணைக்கரையில் எலுமிச்சையும் மிளகாய்ப்பொடியும் தேய்த்த சுட்ட மக்காச்சோளம், மழைக்காலமாக இருந்தால் வெங்காய பஜ்ஜி, இன்னும் கொஞ்சம் போனால் சிங்ககட் கோட்டை, மலைமேல் பிட்லா பாக்ரி. திரும்பி வரும்போது இரண்டு மணி நேரம் கிளட்சை மிதித்துக்கொண்டே "இனிமே இந்தப் பக்கம் வரவே கூடாது" என்று ஒரு சபதம். அடுத்த மழைக்கு மறுபடி வருவார்கள் :-)

எனக்கு இந்தப் பக்கமே குடித்தனம் என்பதால் கடக்வாஸ்லா வேறு மாதிரி. ஏரிக்கு மறுகரையில் தேசிய பாதுகாப்பு அகாடமி இருக்கிறது. இங்கே யாரும் முழுப்பெயர் சொல்வதில்லை, என்.டி.ஏ.தான். 1949 அக்டோபர் 6ம் தேதி நேரு அடிக்கல் நாட்டி, 1955 ஜனவரியில் முறைப்படி திறந்தார்கள். குவிமாடம் வைத்த அந்த சூடான் பிளாக், இரண்டாம் உலகப்போரில் ஆப்பிரிக்காவில் சண்டை போட்ட இந்தியச் சிப்பாய்களுக்கு நன்றியாக சூடான் அரசு கொடுத்த பணத்தில் எழுந்தது. உடுமலைப்பேட்டைப் பக்கம் அமராவதிநகர் சைனிக் பள்ளியில் படிக்கிற நம்மூர்ப் பையன்களுக்கும் கனவு இந்த ஏரிக்கரைதான்.

இந்த ஏரியாவில் வளரும் பிள்ளைகளுக்கு அகாடமியின் விதிகள் பத்து வயதிலேயே மனப்பாடம். உயரம் எவ்வளவு, ஓட்டம் எவ்வளவு, முக்கியமாக கண். விமானம் ஓட்டும் பிரிவுக்கு மைனஸ் பவர் கூடவே கூடாது. ராணுவத்துக்கு இரண்டரை வரை விடுவார்கள், கண்ணாடி போட்டால் முழுப்பார்வை வரவேண்டும். (சில்லறை மாற்றங்கள் வருடா வருடம் உண்டு, விண்ணப்பிக்கிறவர்கள் அந்த வருடத்து அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.) எழுத்துத் தேர்வு, ஐந்து நாள் நேர்காணல் எல்லாம் தாண்டி வந்தவன் கடைசியில் மருத்துவச் சோதனையில் அந்த எழுத்துப் பலகையின் முன்னால் நின்று அகப்படுவான். அதனால் இங்கே ஒரு பிள்ளைக்கு "சஷ்மா லாக்லா", அதாவது கண்ணாடி வந்துவிட்டது என்றால், தெருவே கொஞ்சம் குரலைத் தாழ்த்திப் பேசும்.

2022ல் பெண்களையும் சேர்க்க ஆரம்பித்தார்கள். முதல் அணியில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். அதை டிவியில் பார்த்த என் மகளுக்குப் பத்து வயது. ஃபைட்டர் ஓட்டப்போகிறாளாம். அதற்கடுத்த மாதமே பள்ளிக்கூடத்துக் கண் பரிசோதனையில் மைனஸ் ஒன்று.

எனக்கு மைனஸ் ஏழு. பள்ளியில் என் பட்டப்பெயர் சோடாபுட்டி, வேறென்ன. ஆகவே விஷயம் வீட்டில் பெரிதாகத்தான் போனது. ஊரிலிருந்து அம்மா போனில் ஒரே வார்த்தையில் தீர்ப்பு சொல்லிவிட்டார்: "உன் ரத்தம்டா, வேற எங்க போகும்?" வீட்டு அம்மணியோ மகளின் டேப்லெட்டையும் என்னையும் மாறி மாறி முறைத்தார். கீழ்வீட்டில் ஒரு காகா, ரிட்டயர்டு சுபேதார். அவர் சொன்னது: "பிள்ளையை வெயில்ல விடுங்க."

ரத்தம், புத்தகம், வெயில். இந்த மூன்றையும்தான் மருத்துவ உலகம் இருநூறு வருடமாக மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கதையைத் தேடிப் படித்ததில் எழுதத் தோன்றியது.

முதலில் பெயர்க் குழப்பம். தமிழில் கிட்டப்பார்வை என்றால் கிட்டே நன்றாகத் தெரியும், தூரம் தெரியாது. குறையின் பெயரில் நிறையைச் சொல்கிறோம். அதனால் பாதிப்பேர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். பிறந்த குழந்தையின் கண்விழி முன்பின்னாக அளந்தால் சுமார் 17 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 23, 24. வளர்ச்சி அந்த இடத்தில் நிற்காமல் ஓடினால் பிம்பம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழும். ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக நீண்டால் இரண்டரை, மூன்று மைனஸ் ஏறும். அவ்வளவுதான் கிட்டப்பார்வை: நிற்கவேண்டிய இடத்தில் நிற்காத வளர்ச்சி. வளர்ந்த கண் திரும்பச் சுருங்காது. இந்த ஒரு வரியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

கண்ணாடியின் கதைக்குப் புனேயில் ஒரு பெரிய மனிதர் இருந்தார். பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தின் பி.கே.கோடே. சுவடிகளைப் புரட்டியே இந்தியாவுக்குக் கொய்யா எப்போது வந்தது, ஜிலேபி எப்போது வந்தது என்றெல்லாம் எழுதிய மனிதர். மூக்குக்கண்ணாடியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். கிருஷ்ணதேவராயரின் குரு வியாசராயர் கண்ணாடி போட்டு ஏடு படித்ததாக அவர் காலத்து சமஸ்கிருத வரலாறு ஒன்றில் வருகிறது. 1520 வாக்கில். போர்ச்சுக்கீசியர் கொண்டுவந்ததாக இருக்கலாம் என்று ஊகம். ஆனால் அது வயதானவர்களின் படிக்கும் கண்ணாடி, நம் சோடாபுட்டி இல்லை. சோடாபுட்டி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட அதே வருடங்களில் ரஃபேல் வரைந்த போப் பத்தாம் லியோவின் படத்தைப் பாருங்கள். கையில் ஒரு குழிலென்ஸ் வைத்திருப்பார். அவருக்கு நல்ல மைனஸ். ஏன் குழிலென்ஸ் வேலை செய்கிறது என்று 1604ல் விளக்கியவர் கெப்ளர், கோள்களின் விதிகளைச் சொன்ன அதே கெப்ளர். அவருக்கும் கண் சரியில்லை என்பது வேறு விஷயம்.

கண்ணாடி இருந்தது, விளக்கம் இருந்தது. யாருக்கு வருகிறது, ஏன் வருகிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. முதலில் எண்ணிப் பார்த்தவர் லண்டன் கண் மருத்துவர் ஜேம்ஸ் வேர். 1813ல் அவர் எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்கு என்.டி.ஏ. வாசல்தான் ஞாபகம் வந்தது. அரசரின் காலாட்படைக் காவல் ரெஜிமென்டுகளில் விசாரித்திருக்கிறார். ஏறக்குறைய பத்தாயிரம் பேர். சுமார் இருபது வருடத்தில் கிட்டப்பார்வைக்காக வெளியே அனுப்பப்பட்டவர் ஆறுபேர்கூட இல்லை. செல்சியில் சிப்பாய்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 1300 பேரில் மூன்றே பேர். ஆக்ஸ்போர்டில் ஒரு கல்லூரியில் மட்டும் 127 பேரில் 32 பேர் கண்ணாடிக்காரர்கள்!

கொஞ்சம் உப்பைத் தள்ளிவிட்டுத்தான் இதை விழுங்க வேண்டும். எழுத்துப் பலகையே ஸ்னெல்லன் 1862ல் கொண்டுவந்ததுதான். எழுதப் படிக்கத் தெரியாத சிப்பாய்க்குத் தூரத்தில் மங்கலாகத் தெரிந்தாலும் யாரிடம் போய்ச் சொல்லப்போகிறான்? ஆனாலும் 127க்கு 32 எங்கே, பத்தாயிரத்துக்கு ஆறு எங்கே. (நம் சென்னை எழும்பூர் கண் ஆஸ்பத்திரியின் தொடக்கமும் இந்தக் காலம்தான், 1819.)

அரைநூற்றாண்டு கழித்து ஹெர்மன் கோன் வந்தார். பிரெஸ்லாவ் நகரத்துக்காரர், அது இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. மனிதர் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கி 10,060 பிள்ளைகளின் கண்களைச் சோதித்து 1867ல் புத்தகம் போட்டார். கிராமப் பள்ளிகளில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர்கூட இல்லை. நகரத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஏழு பேர். பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்யும் உயர்பள்ளிகளில் 26 பேர். வகுப்பு ஏற ஏற எண்ணிக்கையும் ஏறியது. பள்ளிக்கூடம்தான் கண்ணைக் கெடுக்கிறது என்று ஐரோப்பா முழுக்க ஒரே பேச்சு. மேசையின் உயரத்தை மாற்றினார்கள், குனியாமல் இருக்கப் பிள்ளைகளின் முகவாய்க்கு நேரே கம்பி வைத்தார்கள், எழுத்தைப் பெரிதாக அச்சடித்தார்கள். கோன் இன்னொன்றும் சொன்னார்: வகுப்பறைக்கு வெளிச்சம் போதாது, எவ்வளவு வந்தாலும் தகும் என்று. இதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேசைதான் எல்லார் கண்ணிலும் பட்டது.

மேசையை மாற்றியும் கண்ணாடி குறையவில்லை. சலிப்பு வந்தது. 1913ல் சூரிச்சின் அடால்ஃப் ஸ்டைகர் ஆயிரக்கணக்கான கருவிழிகளை அளந்து, இதெல்லாம் உயரம், மூக்கு மாதிரிப் பிறப்பில் வருவது என்றார். 1962ல் இங்கிலாந்தின் ஆர்னால்ட் சார்ஸ்பி இரட்டையர்களை அளந்தார். ஒருகரு இரட்டையர்களின் பவர் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முடிந்தது கதை: ரத்தம்! எங்கம்மா கட்சி ஜெயித்துவிட்டது. இதன் விளைவு சாதாரணமில்லை. பிறவியில் வருவதென்றால் தடுக்க ஒன்றுமில்லை, கண்ணாடியை மாட்டி அனுப்ப வேண்டியதுதான் என்று இரண்டு தலைமுறை மருத்துவர்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். 80களில் எனக்குக் கண்ணாடி எழுதித் தந்த டாக்டரும் "வளர்ற வயசு, ஏறத்தான் செய்யும்" என்று சொன்னார். எட்டாம் வகுப்பில் மூன்று, பத்தாவதில் நாலரை, காலேஜில் ஆறு. ஏறத்தான் செய்தது. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, அன்றைக்குப் பாடப்புத்தகமே அதைத்தான் சொன்னது.

ரத்தக் கட்சிக்கு முதல் அடி அலாஸ்காவில் விழுந்தது. வடகோடியில் பேரோ என்ற ஊர், திமிங்கில வேட்டை ஊர். 1969ல் பிரான்சிஸ் யங் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் அங்கே குடும்பம் குடும்பமாகச் சோதித்து எழுதினார்கள். பள்ளிக்கூடமே இல்லாமல் வளர்ந்த மூத்த தலைமுறையில் 131 பேரில் இரண்டு பேருக்குத்தான் கிட்டப்பார்வை. கட்டாயப் பள்ளிக்குப் போன பிள்ளைகளில் பாதிக்கு மேல். ஒரே குடும்பம், ஒரே ரத்தம், நடுவில் ஒரு தலைமுறை. மரபணு அவ்வளவு வேகமாக மாறாது.

அடுத்த அடி எதிர்பாராத இடத்திலிருந்து. மூளை எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது என்பதை ஆராயக் குரங்குக் குட்டிகளின் இமையைத் தைத்து வைத்திருந்தார்கள். கொடுமைதான். அப்படித் தைத்த கண்கள் நீளமாக வளர்ந்துவிட்டதை டோர்ஸ்டன் வீசலும் எலியோ ரவியோலாவும் 1977ல் எழுதினார்கள். மறுவருடம் ஜோஷ் வால்மன் குழு கோழிக்குஞ்சுகளில் அதையே காட்டியது. 1988ல் இன்னும் வேடிக்கை: குஞ்சுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டார்கள். மைனஸ் லென்ஸ் போட்டால் கண் நீள்கிறது, பிளஸ் போட்டால் வளர்ச்சி குறைகிறது. அதாவது கண் குருட்டுத்தனமாக வளர்வதில்லை. பார்த்துப் பார்த்து, தன்னைத்தானே சரிசெய்துகொண்டு வளர்கிறது. அந்தச் சரிசெய்யும் வேலையில் எங்கோ பிசகுகிறது.

எங்கே என்று கேட்டால் கதை சிங்கப்பூருக்குப் போகிறது. அங்கே பதினெட்டு வயது ஆண்கள் எல்லாரும் ராணுவத்துக்குப் போயாக வேண்டும், போனால் கண் சோதனை உண்டு. ஜேம்ஸ் வேர் கனவில்கூடப் பார்த்திராத கணக்கு! 1996-97ல் சோதித்த 15,095 பேரில் நூற்றுக்கு 79 பேருக்குக் கிட்டப்பார்வை. சீனர்களில் 82, மலாய்க்காரர்களில் 65. இந்தியர்களில் 68.7. சிங்கப்பூர் இந்தியர்கள் என்றால் பெரும்பாலும் யார்? நம்மாட்கள்தான். தமிழ்நாட்டு நகர்ப்புறப் பள்ளிகளில் 5லிருந்து 15 வயது வரை சுமார் 14,000 பிள்ளைகளைச் சங்கர நேத்ராலயா சோதித்து 2022ல் வெளியிட்டபோது வந்தது 17.5 சதவீதம். வயது வேறு, அதனால் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாது. ஆனாலும் கடல் தாண்டிய நம் ரத்தத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கேள்விக்கு நேரான சோதனை 2008ல் வந்தது. கேத்ரின் ரோஸ், இயன் மோர்கன் குழு சீன வம்சாவளிப் பிள்ளைகள், ஆறேழு வயது, சிட்னியில் ஒரு கூட்டம், சிங்கப்பூரில் ஒரு கூட்டம் என்று எடுத்துக்கொண்டது. பெற்றோரின் கிட்டப்பார்வை இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். ரத்தம் சமம். சிங்கப்பூரில் 29.1 சதவீதம், சிட்னியில் 3.3. சரி, புத்தகம்தான் காரணம் என்று பார்த்தால், சிட்னிப் பிள்ளைகள்தான் அதிகம் படித்தார்கள்! எங்கள் வீட்டு அம்மணி கட்சியும் அங்கே தடுமாறியது. பளிச்சென்று மாறியது ஒன்றே ஒன்று. சிட்னியில் வாரத்துக்குப் பதின்மூன்றே முக்கால் மணி நேரம் வெளியில் இருந்தார்கள், சிங்கப்பூரில் மூன்று மணி நேரம்.

சுபேதார் காகாவிடம் இதைச் சொன்னேன். "அதுக்கு எதுக்கு ஆஸ்திரேலியா போகணும்?" என்றார்.

வெளியே இருந்தால் என்ன ஆகிறது? ஓடுவதா, தூரத்தில் பார்ப்பதா, வெளிச்சமா? பெரும்பாலும் வெளிச்சம் என்பது இப்போதைய எண்ணம். குழல்விளக்கு போட்ட வகுப்பறையில் முந்நூறு, ஐந்நூறு லக்ஸ் இருந்தால் பெரிய விஷயம். பகலில் மரத்தடி நிழலிலேயே பல ஆயிரம். கூண்டில் பிரகாசமான விளக்குப் போட்ட கோழிக்குஞ்சுகளுக்குக் கண் நீள்வது குறைந்ததைக் கண்டார்கள். வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் சுரக்கிறது, அது வளர்ச்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்கிறார்கள். கோன் பாவம், 1867லேயே வெளிச்சம் வெளிச்சம் என்று கத்தியிருக்கிறார்.

சீனாவில் குவாங்சோ நகரத்தில் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் தினம் நாற்பது நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் விடாத பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை, விட்ட பள்ளிகளில் 30.4. 2015ல் வந்த முடிவு. தைவான் 2010லேயே பள்ளிக்கூடங்களில் தினம் 120 நிமிடம் வெளியே என்று ஆரம்பித்தது. பல வருடம் ஏறிக்கொண்டே இருந்த கோடு அதன்பின் முதல்முறையாக இறங்கியது. டெல்லிப் பள்ளிகளில் எய்ம்ஸ் மருத்துவர்கள் 2015ல் வெளியிட்ட ஆய்விலும் 13.1 சதவீதம் கிட்டப்பார்வை, தினம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விளையாடுகிறவர்களுக்குக் குறைவு.

இதற்காக ரத்தக் கட்சி பொய் என்று ஆகாது. நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் கிட்டப்பார்வையோடு தொடர்புள்ளவை என்று இப்போது தெரியும். அப்பா அம்மா இருவருக்கும் இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கூடுதல். புத்தகக் கட்சியும் பொய்யில்லை. முகத்துக்கு நேரே பிடித்து மணிக்கணக்கில் படிப்பதும் சேர்ந்துதான் இழுக்கிறது. துப்பாக்கியில் குண்டைப் போட்டது நான்தான், விசையை இழுத்தது எங்கள் அபார்ட்மெண்டின் மூடிய சன்னல்கள் என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். ஆனால் கசப்பான ஒன்றும் உண்டு. வெளிச்சம் கிட்டப்பார்வை வருவதைத் தள்ளிப்போடுவதில்தான் கெட்டி. வந்த பிறகு ஏற்றத்தை நிறுத்துவதில் அவ்வளவு உறுதியான பலன் தெரியவில்லை. ஆகவே வெயில் பாடம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோருக்குத்தான் முதலில். வந்துவிட்டவர்களுக்கு வேறு வழிகள்.

வேறு வழி என்றால் நம்மூரில் முதலில் வருவது பொன்னாங்கண்ணியும் கேரட்டும். நல்ல உணவு. வைட்டமின் ஏ குறைந்தால் வரும் மாலைக்கண்ணுக்கு அது மருந்து. கிட்டப்பார்வைக்கு இல்லை. அடுத்தது கண் பயிற்சி. நியூயார்க்கின் வில்லியம் பேட்ஸ் 1920ல் கண்ணாடியே வேண்டாம் என்று புத்தகம் எழுத, அது டாக்டர் ஆர்.எஸ்.அகர்வால் வழியாகப் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்துப் பார்வைப் பள்ளிக்கு வந்தது. விடுமுறையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்த் தங்கிப் பயிற்சி எடுத்து வந்த குடும்பங்கள் நம்மில் ஏராளம். கண்ணின் களைப்பு குறையலாம், நிம்மதியாக இருக்கலாம். ஆனால் நீண்ட விழி பயிற்சியால் குட்டையாவதில்லை. மேலே ஞாபகத்தில் வைக்கச் சொன்ன வரி இதற்குத்தான்.

மூன்றாவது, நான் அதிகம் கோபப்படுவது: "கண்ணாடி போட்டா பவர் ஏறும், குறைச்சலா போட்டுக்கோ." மலேசியாவில் 94 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்தே விட்டார்கள். பாதிப்பேருக்கு முழுப் பவர், பாதிப்பேருக்கு முக்கால் டயாப்டர் குறைவாக. 2002ல் வந்த முடிவு: குறைத்துப் போட்டவர்களுக்குத்தான் அதிகமாக ஏறியது. தமிழ்நாட்டில் 2009ல் கண்ணொளி காப்போம் திட்டத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கும் வீடுகளும் இருக்கின்றன. பெண்பிள்ளை என்றால் பூட்டு இன்னும் பெரிசு. கல்யாணம் ஆகவேண்டுமே!

உண்மையில் வேலை செய்யும் மருந்துகளில் ஒன்று ஊமத்தையின் உறவு. அட்ரோபின். ஊமத்தையிலும் பெல்லடோனாவிலும் இருக்கும் சரக்கு. சிங்கப்பூரில் 400 பிள்ளைகளுக்கு ஒரு சதவீதச் சொட்டு மருந்து போட்டுப் பார்த்து 2006ல் எழுதினார்கள்: ஏற்றம் நன்றாகக் குறைகிறது, ஆனால் வெயிலில் கண் கூசுகிறது, கிட்டே படிக்க முடியவில்லை, மருந்தை நிறுத்தினால் சுர்ரென்று ஏறுகிறது. 2012ல் நூறில் ஒரு பங்கு அளவு, 0.01 சதவீதம், போதும் என்றார்கள். 2019ல் ஹாங்காங் குழு 0.05தான் நன்றாக வேலை செய்கிறது என்றது. எய்ம்ஸ் தலைமையில் நடந்த இந்திய ஆய்வில் 2021ல் 0.01க்குப் பலன் தெரிந்தது. 2023ல் அமெரிக்க ஆய்வில் அதே 0.01க்கும் வெறும் சொட்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே மருந்து, ஒரே அளவு, தேசத்துக்கு ஒரு தீர்ப்பு. கடையில் வாங்கி நாமே விடுகிற மருந்து அல்ல இது. அளவை ஏற்றி இறக்கி, ஆறு மாதத்துக்கொருமுறை அளந்து பார்க்கும் குழந்தைக் கண் மருத்துவர் வேண்டும்.

இன்னொரு வழி லென்ஸ். நடுவில் சாதாரணப் பவர், சுற்றிலும் தேன்கூடு மாதிரிச் சின்னச் சின்ன லென்ஸ்கள் பதித்த கண்ணாடி. கோழிக்குஞ்சுக் கதைதான்: ஓரத்தில் விழும் பிம்பத்தை மாற்றி, "போதும், நில்" என்று கண்ணுக்குச் சொல்வது. ஹாங்காங் சோதனையில் இரண்டு வருடத்தில் ஏற்றம் பாதியாகக் குறைந்தது. விலை கொஞ்சம் தலைசுற்றும். இரவில் போட்டுத் தூங்கிக் காலையில் கழற்றும் கெட்டி லென்ஸும் உண்டு. சுத்தம் தவறினால் கருவிழியில் கிருமி தொற்றிப் பார்வையே போகும் ஆபத்து உண்டு. குழாய்த் தண்ணீர் அதில் படவே கூடாது.

எங்கள் வீட்டில் டாக்டரோடு பேசித் தேன்கூட்டுக் கண்ணாடி என்று முடிவானது. கூடவே காலையில் பள்ளி வேனை நிறுத்திவிட்டு நடை. பவரைவிட விழியின் நீளத்தைத்தான் இப்போது பார்க்கிறோம். கண்ணில் எதுவும் படாமல் ஒளியை அனுப்பி நீளத்தை அளக்கும் மெஷின் பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறது, ஒரு நிமிட வேலை. மார்ச்சில் 23.94. செப்டம்பரில் மறுபடி. மகளுக்கு இந்த எண் மனப்பாடம், விமானம் ஓட்ட இடமில்லை என்பதும் தெரியும். ராணுவத்துக்கான இரண்டரை இன்னும் தாண்டவில்லை என்பதையும் அவளே கணக்குப் போட்டுச் சொல்கிறாள்.

"லேசிக் பண்ணிக்கலாமே" என்று ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள். அறுவைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. ஜப்பானில் சாட்டோ என்பவர் 1939லிருந்து கருவிழியை உள்பக்கமும் கீறிப் பார்த்தார். வருடங்கள் கழித்து அந்தக் கருவிழிகள் பல வெளுத்துப்போயின. 70களில் ரஷ்யாவின் ஃபியோதரோவ் வெளிப்பக்கம் மட்டும் ஆரம் ஆரமாகக் கீறினார். பிறகு லேசர் வந்தது. இன்றைய லேசிக் நல்ல சிகிச்சைதான், பவர் ஏறுவது நின்ற பெரியவர்களுக்கு. ஆனால் அது செதுக்குவது முன்னால் இருக்கும் கருவிழியை. பின்னால் நீண்ட விழி நீண்டபடியே இருக்கும். இது ராணுவத்துக்குத் தெரியும். லேசிக் செய்தவர்களுக்கு என்று ராணுவ விதியில் இரண்டு வரி உண்டு: அறுவையின்போது வயது 20க்குக் குறையக்கூடாது, விழியின் நீளம் 26 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. என்.டி.ஏ.வில் பத்தொன்பதரைக்குள் சேர்ந்தாக வேண்டும். ஆக அந்த வாசலுக்கு லேசர் உதவாது. பட்டம் முடித்து வேறு வழியாக ராணுவம் போகிறவர்களுக்கு உதவலாம், நீளம் 26ஐத் தாண்டாமல் இருந்தால்.

அந்த 26 சும்மா போட்ட எண் இல்லை. நீண்ட விழியில் விழித்திரை இழுபட்டு மெலிகிறது. பலூனை ஊத ஊத ரப்பர் மெலிவது மாதிரி. ஓட்டை விழலாம், பிய்ந்து வரலாம், நடுப்பார்வை கெடலாம், கண் அழுத்த நோய்க்கும் வாய்ப்பு கூடுதல். என் மாதிரி ஆறுக்கு மேல் மைனஸ் போட்ட கூட்டம் வயதாக ஆகக் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். லேசிக் செய்து கண்ணாடியைத் தூக்கிப் போட்ட நண்பர்கள் "எனக்குத்தான் சரியாயிடுச்சே" என்று கண் டாக்டர் பக்கமே போவதில்லை. அவர்களின் விழித்திரைக்கு லேசிக் நடந்ததே தெரியாது!

வருடம் ஒருமுறை விழித்திரையின் ஓரம்வரை பார்த்துவிடச் சொல்கிறார்கள். நடுவில் திடீரென்று மின்னல் வெட்டினாலோ, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதந்தாலோ, ஓரத்தில் திரை இறங்கினாலோ வருடக்கணக்கு பார்க்காமல் அன்றைக்கே ஓடவேண்டும். ஓட்டையாக இருக்கும்போது பிடித்தால் லேசரால் சுற்றிலும் ஒட்டிவிடுவார்கள், வெளிநோயாளியாகவே முடிந்துவிடும். எனக்குப் போன வருடம் இடது கண்ணில் ஓரமாக மெலிந்த ஓர் இடம் இருக்கிறது, கண்காணித்தால் போதும் என்றார்கள். பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விட்ட பிறகு நாலைந்து மணி நேரம் எழுத்து தெரியாது, வெயில் கூசும். அன்றைக்கு பைக்கில் போகாதீர்கள். ஆட்டோ பிடித்துப் போங்கள்.